வெள்ளைத் துரு

பிப்ரவரி 6, செவ்வாய்

நாளை விளையாட்டு விழா. இன்று ஒரு பீரியட்கூட ஒழுங்காக நடக்கவில்லை. ப்ளஸ் டூ பிள்ளைகளில் பாதிப்பேரை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பதினைந்தாம் தேதி பிராக்டிகல் பரீட்சை. மீதிப்பேரை வைத்துக்கொண்டு உப்புப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டி முடித்தேன். காஸ்டிக் சோடா பாட்டிலின் மூடி இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. வெந்நீரில் வைத்துத் திருகினேன்.

நான்கு மணிக்கு அன்னமயில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சத்துணவுக் கூடத்துச் சமையல்காரி. இந்தப் பள்ளியில் பதினோரு வருடமாக இருக்கிறாள், நான் வந்ததைவிட நான்கு வருடம் கூடுதல். நாளைக்கு முந்நூறு பேருக்கு எலுமிச்சை ஜூஸ் போட வேண்டும். சாம்பார் அண்டாவை எடுக்க முடியாது என்பதால் பி.டி. சார் காசிராஜன் ஸ்டோரில் கிடந்த புதுத் தகர டிரம்மை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

“டீச்சர், டிரம்முக்குள்ள வெள்ளையா மாவு மாதிரி பூத்துக் கெடக்கு. தேச்சாலும் போவமாட்டேங்கு. அதுல ஜூஸ் போடலாமா?”

பார்த்துவிட்டுச் சொன்னேன்: அது வெள்ளைத் துரு. நாகம், அதாவது துத்தநாகம், பூசின தகரத்தில் ஈரம் பட்டால் அப்படித்தான் பூக்கும். துத்தநாக ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கரையாது. நல்லாக் கழுவிட்டுப் போடு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ராத்திரிச் சமையலுக்குக் கத்தரிக்காய் வாங்கினேன். இரண்டு சொத்தை.

பிப்ரவரி 7, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

பதினொன்றரைக்கு அணிவகுப்பு முடிந்து பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுத்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே பழம் பிழிந்து, உப்பும் சீனியும் போட்டு டிரம்மில் வைத்துவிட்டார்களாம். காலையில் ஐஸ் மட்டும் போட்டிருக்கிறார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் முதலில். நானும் என் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். ஒரு வாய் குடித்தேன். கொஞ்சம் துவர்ப்பு, ஸ்பூனை நக்கினமாதிரி. ஐஸ் சரியில்லை போல என்று மூடி வைத்துவிட்டேன்.

இருபது நிமிடம் இருக்குமா? ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கோல்போஸ்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வெயில் என்றார் காசிராஜன் சார். அவர் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்திலேயே இரண்டு பெண்பிள்ளைகள். அப்புறம் வரிசையில் நின்ற பிள்ளைகள் நின்ற இடத்திலேயே. மைதானம் முழுக்க அந்தச் சத்தம். மைக்கில் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்னமயில் ஓடிவந்தாள். “குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே டிரம்மைக் காலால் எத்தித் தள்ளினாள். மிச்ச ஜூஸ் மண்ணில் ஓடியது.

முத்தரசி, ஆறாம் வகுப்பு ‘பி’. மல்லாந்து கிடந்தபடியே வாந்தி எடுத்து அது மூச்சில் ஏறிவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். என் புடவையில் அவள் எடுத்தது இன்னும் காயவில்லை. அவிழ்த்துப் போடவும் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்பத்து மூன்று பிள்ளைகள்.

பிப்ரவரி 8, வியாழன்

நாற்பத்து இரண்டு பேர் வீடு திரும்பிவிட்டார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் அதிகம் இல்லை. வாந்தி எடுத்தார்கள், தூங்கினார்கள், எழுந்து இட்லி கேட்டார்கள். டாக்டருக்கே ஆச்சரியம். முத்தரசியை மட்டும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நுரையீரலில் இறங்கிவிட்டதாம். குழாய் போட்டிருக்கிறார்களாம்.

காலையில் பள்ளி வாசலில் கூட்டம். நான் உள்ளே நுழையும்போது முத்தரசியின் அப்பா அன்னமயிலின் கன்னத்தில் அறைந்தார். எனக்கு ஐந்தடி தூரத்தில். அவள் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. “என்னத்தடி கலந்த? எதுக்குடி கலந்த?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். ஹெச்.எம். அந்தோணிராஜ் சார்தான் இடையில் புகுந்து இழுத்தார். கூட்டத்தில் ஒரு அம்மா, “இவ சமைக்கக் கூடாதுன்னு நாங்க அன்னைக்கே சொன்னோம்லா?” என்றாள். போன வருஷம் பத்துப் பன்னிரண்டு வீட்டிலிருந்து பிள்ளைகளுக்கு டப்பாவில் சோறு கொடுத்தனுப்பினார்களே, அவர்களில் ஒருத்தி. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

போலீஸ் சமையல்கூடத்தைச் சோதித்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி மருந்துப் பொட்டலம். கறுப்புப் பொடி, பாதி காலி. எலித்தொல்லைக்கு வைத்ததாக அன்னமயில் சொன்னாள். “அப்போ டிரம்மை ஏன் கவுத்துன? சாட்சியை அழிக்கத்தான?” என்றார் இன்ஸ்பெக்டர். டிரம்மின் அடியில் தேங்கியிருந்ததைப் பாட்டிலில் எடுத்துச் சீல் வைத்தார்கள்.

ஜீப்பில் ஏறும்போது அன்னமயில் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தாள். ஆசிரியர்கள் எட்டுப்பேர் நின்றோம். யாரைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 9, வெள்ளி

பள்ளிக்கு விடுமுறை. துணி துவைத்தேன். இட்லிக்கு ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 10, சனி

பிராக்டிகல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். வேலை இருக்கத்தான் செய்தது.

என் பாட்டிலில் மூடி வைத்த ஜூஸ் அப்படியே இருந்தது. வடிகட்டி, ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து காஸ்டிக் சோடாவைச் சொட்டு சொட்டாக விட்டேன். வெள்ளையாக, கஞ்சி திரிந்த மாதிரி இறங்கியது. இன்னும் விட்டேன். அந்த வெள்ளை மொத்தமும் கரைந்து தெளிந்துவிட்டது.

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற சோதனை. துத்தநாகம்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எலி மருந்து என்பதும் துத்தநாக பாஸ்பைடுதான். அப்படியானால் அன்னமயில்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொடி புளிப்பில் பட்டால் பூண்டு வாடை வரும். முகர்ந்து பார்த்தேன். இரண்டு முறை. எலுமிச்சை வாடைதான். வடிகட்டின தாளையும் பார்த்தேன், கறுப்பாக ஒரு துகள் இல்லை. ஒரு பாட்டிலை வைத்து என்ன முடிவு சொல்ல முடியும்? எல்லாவற்றையும் சிங்கில் கொட்டிக் கழுவிவிட்டேன்.

டிரம் சமையல்கூடத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் போகவில்லை. சுற்றுவழியாக வந்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டு விட்டார்கள். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. லிட்டருக்கு ஒன்றரை கிராம் துத்தநாகம்.

“எலி மருந்துல துத்தநாகம் இருக்கா டீச்சர்? நீங்க கெமிஸ்ட்ரிதான?”

“இருக்கு சார்.”

“சின்னப் பிள்ளைங்க குடிச்சா வாந்தி வருமா?”

“துத்தநாகம் அளவுக்கு மீறி வயித்துக்குள்ள போனா வாந்தி வரும் சார்.”

“அதைக் கொஞ்சம் எழுதிக் குடுத்திருங்க. அவ்வளவுதான் வேணும்.”

எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரி. இரண்டு வரியிலும் பொய் கிடையாது. கையெழுத்துப் போட்டதும் இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அன்னமயிலை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். பெண்கள் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கொலை முயற்சி.

இந்த வார்த்தையை எழுதியபிறகு அரை மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், அன்றைக்கு டிரம் விஷயமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் டிவியை அணைத்துவிட்டார்.

“யார்ட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“அவ சொன்னாளா?”

“சொன்ன மாதிரி தெரியல.”

“அப்போ விடு. வாயத் தொறந்தா பதினேழு பி-ல துறை நடவடிக்கை வரும். ஹெச்.எம். புரமோஷன் பேனல்ல ஒன் பேரு வந்திருக்க நேரம். நீயாப் போய்த் தலையக் குடுக்காத, வடிவு.”

சப்பாத்தி போட்டேன். நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பிராக்டிகல் பரீட்சை. வேறு பள்ளியிலிருந்து எக்ஸாமினராக ஒரு அம்மா வந்திருந்தார். மூன்றாவது மேஜையில் சூரியகலாவுக்கு வந்த உப்பு ஜிங்க் சல்பேட். அழகாகச் செய்தாள். வெள்ளை இறங்கியதும் எக்ஸாமினர் கேட்டார்.

“இது என்னம்மா?”

“துத்தநாக ஹைட்ராக்சைடு மேடம்.”

“தண்ணியில கரையுமா?”

“கரையாது மேடம். ஆனா ஈரியல்பு உள்ளது. காரத்துலயும் கரையும், அமிலத்துலயும் கரையும்.”

“என்ன அமிலம்?”

“எந்த அமிலமும் மேடம். வினிகர், எலுமிச்சம்பழச் சாறுலகூட கரையும். வடிவு டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

எக்ஸாமினர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன். வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரில் கரையாது, அமிலத்தில் கரையும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தேன். அன்னமயிலிடம் பாதியைத்தான் சொன்னேன். அவள் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்கவில்லை. ஜூஸ் போடலாமா என்று கேட்டாள்.

பரீட்சை முடிந்ததும் முதல் தடவையாக அந்த டிரம்மிடம் போனேன். நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். விளிம்பிலிருந்து ஒரு சாண் வரைக்கும் வெள்ளை மாவு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, ஜூஸ் நின்ற மட்டத்திலிருந்து அடி வரைக்கும், வெள்ளை ஒரு பொட்டு இல்லை. அதற்கு அடியிலிருந்த பூச்சையும் அரித்துத் தகரம் கருத்துக் கிடக்கிறது. கோடு போட்டமாதிரி இருக்கிறது. ராத்திரி முழுக்கப் புளிப்பும் உப்பும் தின்ற கோடு. ஒன்பது நாளாக எல்லோர் கண் முன்னாலும்தான் கிடக்கிறது.

வயிற்றுப்போக்குக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற துத்தநாக மாத்திரை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எடுத்து அட்டையைப் பார்த்தேன். இருபது மில்லிகிராம், நாளைக்கு ஒன்று. கணக்குப் போட்டேன். ஒரு டம்ளர் ஜூஸில் பதினைந்து மாத்திரை. உடம்புக்கு வேண்டிய சத்துதான், அளவோடு போனால். வெறும் வயிற்றில், வெயிலில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, ஒரே மூச்சில் பதினைந்து.

முத்தரசி இன்னும் கண் திறக்கவில்லையாம்.

பிப்ரவரி 17, சனி

சிறைக்குப் போய் மனு எழுதிக் கொடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘உடன் பணிபுரிபவர்’ என்று எழுதினேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அன்னமயில் வந்தார். பத்து நாளில் பாதியாகிவிட்டார். கன்னத்தில் வீக்கம் வற்றிப் பச்சையாக நிற்கிறது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “அந்தப் புள்ள எப்படி இருக்கு?”

“நேத்து ராத்திரி கண்ணு முழிச்சிருச்சாம். குழாய எடுத்துட்டாங்களாம்.” வழியிலேயே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

“அக்கா, அன்னைக்கு நீங்க எங்கிட்ட வந்து கேட்டத போலீஸ்ல சொன்னீங்களா?” என்றேன். அவரை நான் அக்கா என்றது இதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தமாதிரி தெரியவில்லை.

“சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா? பெரிய படிப்புப் படிச்ச டீச்சர் மேல பழி போடுதியான்னு இன்னும் ரெண்டு சாத்து சாத்துவாங்க. நம்புவாங்களா?” கன்னத்தைத் தடவிக்கொண்டார். “நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன் டீச்சர். இன்னைக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு. பத்து நாளாச்சு.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எனக்காக ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தப் பத்து நாளில் ஒரு நாள் நான் எலி மருந்தைப் பற்றி முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க எந்திரிச்சு வந்து டிரம்மப் பாத்தீங்களா? நான் முன்னால நடந்து போயிட்டேன். பின்னாலயே வந்து பாத்துருப்பீங்களோன்னு இங்க உக்காந்து யோசிச்சிக்கிட்டே இருந்தேன்.”

“இல்லக்கா. லேபிள் ஒட்டுன அலுப்புல உக்காந்த இடத்துலயே சொன்னேன்.”

“பாக்கல.”

“பாக்கல.”

நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். அன்னமயில் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். ஆறாம் தேதிப் பக்கத்தில் ‘பார்த்துவிட்டுச் சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறேன்; என் நோட்டிலேயே பொய்.

பிப்ரவரி 19, திங்கள்

கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்திருந்தார். ஹெச்.எம்., காசிராஜன் சார், இன்ஸ்பெக்டர் எல்லோரும் இருந்தார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லாமல்தான் போனேன். நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆறாம் தேதி நான்கு மணியிலிருந்து எல்லாமும்.

கோட்டாட்சியர் இளம்பெண். வாசித்து முடித்து நிமிர்ந்தார். “இதை இவ்வளவு நாள் ஏன் சொல்லல மேடம்?”

“பயம்.”



இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். “மேடம், பன்னெண்டாம் தேதி இவங்களே எலி மருந்துல துத்தநாகம் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க!”

“அது உண்மை சார். ஆனா அந்த மருந்து ஜூஸ்ல விழுந்திருந்தா புளிப்புல பட்டு விஷ வாயுவா மாறும். கறுப்பா வண்டல் நிக்கும். குடிச்ச பிள்ளைங்க மறுநாள் இட்லி கேட்டிருக்க மாட்டாங்க. நாப்பத்து மூணு பேருல எத்தனை பேரு மிஞ்சியிருப்பாங்கன்னு சொல்ல முடியாது.”

காசிராஜன் சார் முகம் வெளுத்துவிட்டது. டிரம்மை எடுத்துக் கொடுத்தவர் அவர். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கோட்டாட்சியரைச் சமையல்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் டிரம்மைக் காட்டினேன். அதே ஸ்டோரில் இன்னொரு புது டிரம் இருந்தது. அதே வெள்ளை. அவர் முன்னாலேயே அதில் பத்து எலுமிச்சம்பழம் பிழிந்து, தண்ணீரும் உப்பும் போட்டு மூடிச் சீல் வைத்தோம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு போய் முன்னறையில் தனியாகச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சீலை உடைத்தார்கள். ஒரு பாட்டில் அரசு ஆய்வகத்துக்குப் போனது. இன்னொன்றில் நான் எல்லோர் முன்னாலும் காஸ்டிக் சோடா விட்டேன். வெள்ளை இறங்கியது. கரைந்தது.

“ஒரு ராத்திரியிலயா?” என்றார் இன்ஸ்பெக்டர். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டிரம்முக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அன்னமயில் வெளியே வந்துவிட்டார். இரண்டாவது டிரம்மிலும் அதே துத்தநாகம்தான் என்று ஆய்வகம் சொல்லிவிட்டது, வழக்கையும் கைவிடப்போகிறார்கள். முத்தரசியும் வீட்டுக்கு வந்துவிட்டாள். குரல்தான் இன்னும் கம்மலாக இருக்கிறதாம்.

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பதினேழு பி. பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பேனலில் என் பெயர் இருக்காது.

மார்ச் 4, திங்கள்

முத்தரசியின் அப்பா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். வாங்கிக்கொள்வதென்றே நின்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என் மகளத் தூக்கிட்டு ஓடுனது நீங்கதானாமே டீச்சர்.”

என்னால் தாங்க முடியவில்லை. “அன்னமயில் அக்காவப் பாத்தீங்களா?” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அது... பாக்கணும்” என்றார். போய்விட்டார். ஒரே ஊரில் இருக்கிறவரை அறைய ஒரு நிமிடம் ஆகவில்லை, பார்க்க மட்டும் நாள் பார்க்கிறார். எனக்கு மட்டும் எத்தனை நாள் ஆனது?

மார்ச் 11, திங்கள்

அன்னமயில் வேலையில் சேர்ந்துவிட்டார். காலையில் ஹெச்.எம். அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகச் சமையல்கூடத்தைத் திறந்து கழுவிவிட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் இன்றைக்கே ஆர்டர் வந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கு மாற்றல். புதன்கிழமை விடுவிக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சமையல்கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். “என்ன மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

அவர் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது டீச்சர். எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. எந்தப் பாத்திரத்துல எது போடக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. மத்த ஸ்கூல்ல சமைக்கவங்க நாலஞ்சு பேரு கேக்காங்க, அவங்களுக்கும் காட்டணும். வாய்ல சொல்லாதீங்க. எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

ரெஜிஸ்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். சுவரில் வைத்து எழுதினேன். நாகம் பூசிய தகரப் பாத்திரங்களில் எலுமிச்சை, புளி, தயிர், மோர், தக்காளி ஆகியவற்றை வைக்கக் கூடாது. அவற்றில் படியும் துத்தநாக ஹைட்ராக்சைடு புளிப்பில் கரைந்து வாந்தி உண்டாக்கும்.

அவர் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இந்தப் பேர அடிச்சிருங்க. ‘வெள்ளையா பூத்துருந்தா’ன்னு போடுங்க. அதான் எல்லாத்துக்கும் புரியும்.”

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

“தேதி?”

தேதி போட்டேன். அவர் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தாளின் பின்னால் தடவி, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி, உள்ளங்கையால் நாலு மூலையையும் அழுத்தினார். வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

“பிள்ளைங்க வாராங்க” என்றார் அன்னமயில். “வழிய விடுங்க, டீச்சர்.”

விலகி நின்றேன்.